லாங் க்யூடி இருக்கும் அக்கா தம்பிக்குக் கிட்னி கொடுக்கலாமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் 38 வயதுப் பெண். லாங் க்யூடி சிண்ட்ரோம் (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இருதயத்தின் மின்னோட்டம் அடங்க அதிக நேரம் எடுப்பதால் துடிப்பு திடீரெனச் சிதறக்கூடிய பரம்பரைக் கோளாறு), டைப் 2 என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. ப்ரொப்ரனோலால் என்னும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுகிறார், இதுவரை மயங்கி விழுந்ததில்லை. தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரத்த வகை ஒத்துப்போகிறது. "நான் கொடுக்கலாமா? கொடுத்தால் என் இருதயக் கோளாறு கிட்னியோடு சேர்ந்து அவனுக்குப் போய்விடுமா?" என்பதுதான் கேள்வி.

பின்னதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: போகாது. இருதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் அயனி வாயில்கள் தம்பியின் இருதயச் செல்களில், தம்பியின் மரபணுவை வைத்து உருவானவை. உங்கள் கிட்னியின் செல்களில் உங்கள் மரபணு கடைசிவரை இருக்கும். ஆனால் அது அவர் இருதயத்துக்குள் நுழைய வழியில்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. தம்பிக்கு இந்தக் கோளாறு ஏற்கனவே இருக்கிறதா? டைப் 2-க்குக் காரணமான கேசிஎன்எச்2 மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருந்தால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு. அவருக்கு இசிஜி எடுத்தாகிவிட்டது, "நார்மல்" என்று சொன்னார்கள் என்று விட்டுவிடக் கூடாது. கிட்னி செயலிழந்தவரின் இசிஜி நம்பத்தக்க சாட்சி இல்லை. கால்சியம் குறைந்தால் க்யூடி (இசிஜியில் க்யூ முனையிலிருந்து டி அலை முடியும்வரை உள்ள இடைவெளி) நீளும். பொட்டாசியம் ஏறினால் டி அலை கூர்மையாகி உண்மையான நீளம் மறைந்துபோகும். பொட்டாசியம் மிக அதிகமானால், புருகாடா (இன்னொரு பரம்பரைத் துடிப்புக் கோளாறு) இல்லாதவரின் இசிஜியிலும் புருகாடா போன்ற படம் தெரியும். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த இசிஜியும் முந்தைய நாள் எடுத்ததும் வேறுவேறாக இருக்கும். உங்களிடம் கண்டுபிடித்த அதே மாற்றம் அவரிடம் இருக்கிறதா என்று அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும் மரபணுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். உங்கள் அறிக்கையின் நகலை ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். முழுத் தொகுப்பையும் மறுபடி தேடுவதைவிட இது மலிவு, சீக்கிரமும் வரும்.

அந்த அறிக்கையில் "நோய்க்காரணமானது" என்று எழுதியிருக்கிறதா, "முக்கியத்துவம் தெளிவில்லாதது" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது வகையென்றால் அதை வைத்து வீட்டில் யாரையும் "உனக்கு இல்லை" என்று விடுவிக்க முடியாது. இந்திய வம்சாவளியினரின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால், நம்மவர்களுக்கு இந்தத் தெளிவில்லாத முடிவு அடிக்கடி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் லாங் க்யூடி பற்றிப் படித்தால் ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் பரவிய ஏ341வி என்ற மாற்றம்தான் எங்கும் கண்ணில் படும். அது கேசிஎன்க்யூ1 மரபணுவில் வருவது, டைப் 1, அதிலும் கடுமையான வகை. அந்தக் குடும்பங்களின் ஆபத்துக் கணக்கை உங்களுக்குப் பொருத்திப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் கொள்ளவும் வேண்டாம்.

தம்பிக்கும் அந்த மாற்றம் இருந்தால் மாற்று அறுவை கூடாது என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால் வாரம் மூன்று முறை பொட்டாசியம் ஏறி இறங்கும் டயாலிசிஸ்தான் இப்படிப்பட்ட இருதயத்துக்கு அதிக ஆபத்து. அதுவரை டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியத்தை மிகவும் குறைத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது இவருக்கு வேண்டாத வேகம். மாற்றுக்குப் பிறகு தரும் டாக்ரோலிமஸ் மெக்னீசியத்தைச் சிறுநீரில் இறக்கிவிடும். தொற்று வராமல் தடுக்க வழக்கமாகத் தரும் கோட்ரைமாக்சசோல், பிறவி லாங் க்யூடி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் அறுவைக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகத்தையும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ஒரே வீட்டில் ஒருவருக்கு இருதயத் துடிப்புக் கோளாறு, இன்னொருவருக்குக் கிட்னி செயலிழப்பு என்றால், இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உங்களுக்கு மரபணு உறுதியாகிவிட்டதால் இந்தக் கவலை குறைவு. பெயர் தெரியாத "துடிப்புக் கோளாறு" உள்ள வீட்டில் ஃபாப்ரி நோயை விலக்காமல் யாரும் கிட்னி கொடுக்கக் கூடாது. அது இருதயத் தசையைத் தடிக்க வைக்கும், மின்பாதையை அடைக்கும், கிட்னியையும் தின்னும். கொடுத்தவருக்கே பின்னால் கிட்னி போய்விடும். தம்பியின் கிட்னி ஏன் போனது, சர்க்கரையா, இரத்த அழுத்தமா, பரம்பரையா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சர்க்கரைதான் காரணமென்றால் உங்களுக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும்.

இனி, நீங்கள் கொடுக்கலாமா? உயிருள்ள கொடையாளர்களுக்கான கேடிஐஜிஓ (உலகளாவிய கிட்னி வழிகாட்டி அமைப்பு) நெறிமுறை 2017-ல் வந்தது. கிட்னி வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் ஏற்கலாம், 60-க்குக் கீழ் என்றால் கூடாது, நடுவில் ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது. லாங் க்யூடி என்று பெயர் சொல்லிக் கதவடைக்கவில்லை. ஆகவே முடிவு மாற்று அறுவைக் குழுவுக்கும், பரம்பரைத் துடிப்புக் கோளாறுகள் தெரிந்த இருதய மருத்துவருக்கும், மயக்க மருந்து நிபுணருக்கும் பொதுவானது. மூவரும் ஒரே நேரத்தில் பேசியிருக்க வேண்டும். ஒருவர் எழுதிய கடிதத்தை அடுத்தவர் படித்தார் என்பது போதாது.

அவர்கள் பார்க்கும் முதல் எண் க்யூடிசி, அதாவது நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி. மெஷின் அச்சிடும் எண்ணை நம்பாமல் கையால் அளக்கச் சொல்லுங்கள். இசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லிசெகண்ட். க்யூடி 11 கட்டம் என்றால் 440. நாடி 60 என்றால் திருத்திய எண்ணும் 440, கவலையில்லை. அதே 440, நாடி 75-ல் வந்திருந்தால்? இரண்டு துடிப்புக்கு இடையே 0.8 செகண்ட், அதன் வர்க்கமூலம் 0.894, வகுத்தால் 492. தாளில் ஒரே நீளம், அர்த்தம் வேறு. 480 தாண்டினால் நோய் உறுதி, 500 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். படுத்திருக்கும்போது எடுத்தது மட்டும் போதாது. எழுந்து நின்றவுடன் எடுத்ததும் வேண்டும்.

என் கணிப்பு இது. மயக்கம் வந்ததே இல்லை, மருந்தோடு க்யூடிசி 470-க்குக் கீழ் நிற்கிறது, மருந்தை ஒருநாளும் விடாதவர் என்றால் பேச இடமிருக்கிறது. 500-க்கு மேல், அல்லது பீட்டா பிளாக்கர் சாப்பிட்டும் மயக்கம் வந்தது, ஒருமுறை இருதயம் நின்று மீண்டது, ஐசிடி கருவி (துடிப்பு சிதறினால் மின் அதிர்ச்சி கொடுக்க உடம்புக்குள் பதித்தது) சமீபத்தில் அதிர்ச்சி கொடுத்தது என்றால் வேண்டாம். தம்பியின் நிலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் வேண்டாம். புருகாடா என்றால், மருந்து கொடுத்துப் பார்த்தபோது மட்டும் படம் மாறியவர் ஒரு ரகம், தானாகவே மாறி மயங்கியும் விழுந்தவர் வேறு ரகம். முன்னவரைப் பரிசீலிக்கலாம். சிபிவிடி என்னும், அட்ரினலின் ஏறினால் துடிப்பு சிதறும் வகைக்கு அறுவையின் பதற்றமும் வலியுமே எதிரி. பெரும்பாலும் மறுப்பதுதான் சரி. ஏஆர்விசி வேறு காரணத்துக்காக மறுக்கப்பட வேண்டியது. அது நாளாக நாளாக முற்றும் இருதயத் தசைநோய், பின்னாளில் இருதயம் பலவீனமானால் தரும் மருந்துகளில் பலவும் கிட்னியைச் சார்ந்தவை. அப்போது ஒன்றே ஒன்று இருப்பது பெரிய இழப்பு.

கொடையாளர் அறுவையில் இறக்கும் ஆபத்து அமெரிக்கக் கணக்கில் முன்பு 10,000 பேருக்கு 3 என்று இருந்தது, கடந்த பத்தாண்டில் 1-க்கும் கீழே வந்துவிட்டது. இந்த எண்ணை உங்களுக்குச் சொன்னால் கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அது சல்லடையில் சலித்தெடுத்த ஆரோக்கியமானவர்களின் எண். லாங் க்யூடி உள்ளவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வாழ்நாளில் கிட்னி செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் 10,000-க்கு சுமார் 90, அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் சுமார் 14.

அறுவைக்கு ஒத்துக்கொண்டால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தியைவிட மருந்துத் தட்டில்தான் அதிகம். வாந்திக்கு எல்லோருக்கும் போடும் ஒண்டான்செட்ரான் க்யூடியை நீட்டும். ட்ரோபெரிடால், ஹாலோபெரிடால், டோம்பெரிடோன் எல்லாம் அதே கூட்டம். இவற்றுக்குப் பதில் டெக்ஸாமெத்தசோன் போதும். மயக்கத்துக்கு மூச்சில் தரும் வாயு மருந்துகளைவிட, நரம்பு வழி ப்ரொபோஃபால் லாங் க்யூடிக்கு உகந்தது. இதே ப்ரொபோஃபாலைப் புருகாடா உள்ளவருக்கு மணிக்கணக்கில் செலுத்தத் தயங்குவார்கள், ஆகவே "துடிப்புக் கோளாறு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், பெயரையும் டைப்பையும் சொல்லுங்கள். கீட்டமின் வேண்டாம். தசைத்தளர்வை எடுக்க நியோஸ்டிக்மின் கூட்டணியைவிட சுகமாடெக்ஸ் நல்லது.

கொடையாளர் அறுவைக்கே உரிய ஒரு பொறி உண்டு. கிட்னியை வெளியே எடுக்கும் முன் சிறுநீர் நன்றாக ஓடட்டும் என்று பல மையங்களில் மன்னிட்டாலும் ஃப்யூரோசமைடும் தருவார்கள். சிறுநீரோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் போய்விடும். சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமில்லை. டைப் 2-க்கு அதுவே தூண்டுதல். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் பொட்டாசியம் 4.5-க்கும் 5-க்கும் இடையில், மெக்னீசியம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். முந்தைய நாள், காலை, அறுவை நடுவே, முடிந்ததும், மறுநாள் என்று பார்க்கச் சொல்லுங்கள். "மன்னிட்டால் தேவைதானா?" என்று அறுவை மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஊதிச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில், ஊதும்போது சிலருக்கு நாடி திடீரென இறங்கும். லாங் க்யூடியில் மெதுவான துடிப்பும் இடைவெளியும்தான் டோர்சாட் என்னும் சுழல் துடிப்புக்கு வாசல். மெதுவாக ஊதி, அழுத்தத்தைக் குறைவாக வைத்து, மார்பிலும் முதுகிலும் அதிர்ச்சித் தகடுகளை முன்பே ஒட்டிவைத்து, 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். உடல் குளிரக் கூடாது, குளிர்ந்தால் க்யூடி நீளும். டைப் 2 திடீர்ச் சத்தத்துக்கு எதிர்வினை காட்டும் வகை. ஆகவே மயங்கும்போதும் விழிக்கும்போதும் அறை அமைதியாக இருக்க வேண்டும். கண்விழிக்கும் நேரத்தில் அலாரம் அலறுவது இவருக்குத் தொந்தரவு மட்டுமில்லை, ஆபத்தும் கூட. பீட்டா பிளாக்கரை அறுவை அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். "வெறும் வயிறு" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தவே கூடாது.

ஐசிடி கருவி உள்ள கொடையாளர் என்றால், கிட்னி தொப்புளுக்கு மேல் இருப்பதால் மின் கத்தியின் அலையை அந்தக் கருவி துடிப்புக் கோளாறு என்று எண்ணி அதிர்ச்சி கொடுக்கலாம். காந்தம் வைத்தோ நிரலாக்கக் கருவியாலோ அதிர்ச்சியை அணைப்பார்கள். அணைத்ததைக் கண்காணிப்பு அறையை விட்டு வெளியேறும் முன் திரும்பப் போட்டார்களா என்று வீட்டார் ஒருவர் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். தப்பு நடப்பது மூன்றாம் நாள் இரவு வார்டில், குமட்டுகிறது என்றதும் வழக்கமான ஊசியை எடுக்கும் கையால். முதல் 24 மணி நேரமாவது துடிப்புக் கண்காணிப்பு உள்ள படுக்கை வேண்டும். அதன்பின் வார்டுக்கு மாறும்போது, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் மருந்து அட்டையின் முகப்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும். கிரெடிபிள்மெட்ஸ் தளத்தில் இந்தப் பட்டியல் புதுப்பித்தபடி இருக்கும். பிறவி லாங் க்யூடிக்கென்று தனிப்பட்டியல் உண்டு, அதைத்தான் அச்செடுக்க வேண்டும். புருகாடாவுக்கு புருகாடாட்ரக்ஸ் தளம்.

வீட்டுக்கு வந்தபின் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்காமல் இருங்கள். மீதமிருக்கும் கிட்னி கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டிக்கொள்ளும். முன்பு 100 என்றிருந்த வடிகட்டும் வேகம் 65, 70-ல் நிலைபெறும். இதனால் உங்கள் ப்ரொப்ரனோலாலில் பெரிய மாற்றமில்லை, அது ஈரல் வழியே போவது. நாடோலால், அட்டனோலால் சாப்பிடுகிறவர்களுக்கு அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும், அவை கிட்னி வழியே வெளியேறுபவை. இதைச் சாக்காக வைத்து யாராவது மெட்டோப்ரோலாலுக்கு மாற்றினால் இருதய மருத்துவரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். லாங் க்யூடிக்கு அது அவ்வளவு காக்காது.

வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கிட்னியைக் கெடுக்கும், பாராசிட்டமாலோடு நில்லுங்கள். கொடுத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் பொது மருத்துவர் உடனே எழுதுவது சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது கோட்ரைமாக்சசோல். இரண்டும் உங்களுக்கு ஆகாது. நைட்ரோஃப்யூரன்டாயின், செஃபாலெக்சின் போன்றவற்றைக் கேளுங்கள். இருமலுக்கு வீட்டில் போடும் அதிமதுரக் கஷாயம் பொட்டாசியத்தை இறக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒற்றைக் கிட்னிக்கும் இந்த இருதயத்துக்கும் சேர்த்துக் கெடுதல். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் வேண்டாம்.

வாந்தி பேதி வந்தால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், 8 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று இங்கே கிளினிக்கில் சொல்லித்தரும் கரைசல் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை. வாழைப்பழமோ இளநீரோ சேருங்கள். அரை நாளில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு 10 நாள் விரதம் இருந்து ஜனவரி, பிப்ரவரி வெயிலில் நடக்கிறவர் என்றால், நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் மருந்தை விடாமலிருப்பதும் பேச்சுக்கு இடமில்லாத விதி. நாதஸ்வரம், தவிலின் பக்கத்தில் போய் நிற்காமல் கொஞ்சம் தள்ளியே நடங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் வேண்டாம், செல்போன் மணியைக் குறைத்து வையுங்கள்.

பிள்ளை பெறும் எண்ணம் இன்னும் இருந்தால் அதைக் கொடைக்கு முன் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கொடை கொடுத்த பெண்களில் கர்ப்பகால இரத்த அழுத்தமோ முன்சூல்வலிப்போ (ப்ரீ-எக்லாம்ப்சியா) வந்தவர்கள் 11 சதவீதம், கொடுக்காதவர்களில் 5 சதவீதம் என்று கனடிய ஆய்வு ஒன்று 2015-ல் காட்டியது. டைப் 2-க்குப் பிரசவத்துக்குப் பின் வரும் 9 மாதம் இருதயத்துக்கே அதிக ஆபத்தான காலம். இரண்டும் ஒரே உடம்பில் சேர்வதை நான் விரும்பமாட்டேன். குடும்பம் முடிந்தபின் கொடுப்பது வேறு கதை.

சட்டம் உங்களுக்கு எளிது. 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் எழுத்து மூலச் சம்மதம் கேட்கிறது, பணம் வாங்குவதைக் குற்றமாக்குகிறது. இரத்த உறவில்லாதவருக்கு அமைச்சரின் அனுமதி வேண்டும், கூடப்பிறந்தவருக்கு அது தேவையில்லை. டர்பனில் 2001-க்கும் 2003-க்கும் இடையே கிட்னி விற்பனையோடு நடந்த அறுவைகள் வழக்கானது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எல்லா மையமும் கேள்வி மேல் கேள்வி கேட்கும், அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். தனியாரில் செய்வதானால் தம்பியின் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) உங்கள் பரிசோதனை, அறுவை, பின்கவனிப்பு எதுவரை ஏற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். இருதய மருத்துவரின் கூடுதல் செலவு அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள், அங்கேதான் பில் எகிறும்.

வேண்டாம் என்று முடிவானால், அல்லது நீங்களே பின்வாங்க நினைத்தால், குழுவிடம் தனியாகச் சொல்லலாம். அவர்கள் வீட்டாரிடம் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்வார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தம்பிக்கு மாமா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் யாராவது முன்வந்தால், அவர்களில் இந்த மாற்றம் வந்த அப்பா அல்லது அம்மா பக்கத்தவருக்கு இதே மரபணுச் சோதனை முதலில். முதல் சந்திப்புக்கு உங்கள் மரபணு அறிக்கை, பழைய இசிஜிகள் எல்லாம் தேதி வாரியாக, இப்போதைய மருந்து அளவு, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள், நீரில் மூழ்கியவர்கள், வலிப்பு என்று சொல்லப்பட்டவர்கள் பெயரும் வயதும் எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.